களிம்புக்குள் ஒரு காலம்

குகைவாசிகளின் வரலாற்றை அறியாத முஸ்லிம் இல்லம் இல்லை. நெடுந்துயில் நீங்கி எழுந்த அவ்விளைஞர்கள், தம்முள் ஒருவரை ஒரு வெள்ளிக்காசுடன் நகருக்கு அனுப்பி உணவு வாங்கிவரச் சொன்னதைத் திருமறையின் ‘கஹ்ஃப்’ அத்தியாயம் கூறுகிறது. அந்தக் காசைக் கண்ட நகரத்தார் அது பண்டை மன்னன் ஒருவன் காலத்தது எனக் கண்டுகொண்டதாக விரிவுரையாளர்கள் எழுதியிருக்கின்றனர். ஆளைக் கண்டு அறிய முடியாத காலத்தைக் காசைக் கண்டு அறிந்தனர். காசு என்பது வெறும் உலோகத் துண்டன்று, காலத்தின் முத்திரை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை.

அது வெள்ளிக்காசு. அதனினும் தாழ்ந்தது ஒன்றுண்டு. பொன்னும் வெள்ளியும் அரசர்தம் கருவூலத்திலும் செல்வர்தம் பேழைகளிலும் உறங்கின. ரொட்டி வாங்கிய கூலியாளும், விளக்கெரிக்க எண்ணெய் வாங்கிய ஏழைப் பெண்ணும், பொதுக் குளியலகத்தில் நுழைவுக் கட்டணம் கொடுத்த வழிப்போக்கனும் கையில் வைத்திருந்தது சின்னஞ்சிறு வெண்கலக் காசே. உரோமப் பேரரசின் பிற்காலத்தில், அதாவது கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில், இத்தகைய காசுகள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டன. பிரித்தானியா முதல் யூப்ரடீஸ் நதிவரை, தன்யூப் கரை முதல் மிஸ்ரு நாட்டு மணல்வெளி வரை, இன்றும் மண்ணைத் தோண்டும் இடமெல்லாம் அவை கிடைக்கின்றன. கிடைக்கும்போது அவை காசுகளாகவே தோன்றுவதில்லை. பச்சைக் களிம்பும் மண்ணும் இறுகிப்போன கூழாங்கற்களைப் போலவே இருக்கும். அந்தக் களிம்புக்குள் ஒரு காலம் ஒளிந்து கிடக்கிறது. அதை வெளிக்கொணரும் கலை எத்தகையது? அதை அழித்துவிடும் அறியாமை எத்தகையது? இவ்விரண்டையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காசு சிறுத்த கதை

மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் உரோம நாட்டு நாணயம் சீர்குலைந்து கிடந்தது. கி.பி. 284 இல் அரியணை ஏறிய டயோகிளீஷியன், 294 ஐ ஒட்டி ஒரு நாணயச் சீர்திருத்தத்தைக் கொணர்ந்தார். சுமார் 10 கிராம் எடையுள்ள பெரிய வெண்கலக் காசு ஒன்றை வெளியிட்டு, அதன் மேற்பரப்பில் மெல்லிய வெள்ளிப் பூச்சு ஒளிரும்படி செய்தார். அதன் உலோகக் கலவையிலும் நூற்றுக்குச் சில பங்கு வெள்ளி இருந்தது. ஆயினும் விலைவாசி அடங்கவில்லை. 301 இல் பண்டங்களுக்கும் கூலிக்கும் உச்சவிலை விதித்துப் பேரரசர் வெளியிட்ட ஆணையும் பயன் தரவில்லை.

அரசின் செலவு ஏற ஏறக் காசின் எடை இறங்கியது. இருபதாண்டுகள் கழிவதற்குள் 10 கிராம் காசு மூன்றரைக் கிராமுக்கும் குறைந்தது. பேரரசர் கான்ஸ்டன்டைன் 330 இல் போஸ்பரஸ் கரையில் தம் பெயரால் புதிய தலைநகரைத் திறந்துவைத்தபோது புழங்கிய காசின் எடை சுமார் இரண்டரைக் கிராமே. 336 ஐ ஒட்டி அது ஒன்றரைக் கிராமாயிற்று. நம் நாட்டில் 1957 இல் வெளிவந்த ஒரு நயாபைசாவை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அதன் எடை ஒன்றரைக் கிராம். விட்டம் 16 மில்லிமீட்டர். ஏறத்தாழ அதே அளவுதான் கான்ஸ்டன்டைனின் கடைசிக் காலத்துக் காசும்.

348 இல் அவர் மக்கள் மீண்டும் பெரிய காசு அடித்தனர். அதுவும் சில ஆண்டுகளில் சிறுத்தது. நான்காம் நூற்றாண்டின் முடிவில், தியோடோசியஸ் மரபினர் காலத்தில், விட்டம் 12 அல்லது 13 மில்லிமீட்டரும் எடை சுமார் ஒரு கிராமும் உள்ள துண்டுக்காசே எஞ்சியது. ஐந்தாம் நூற்றாண்டில் அது அதனினும் சிறுத்துச் சட்டைப் பொத்தானை விடச் சிறியதாயிற்று.

ஒரு பேரரசின் பொருளாதார வரலாற்றை ஏடுகளைப் புரட்டாமலே தராசில் எடைபோட்டுப் பார்த்துவிடலாம் என்பதற்கு இக்காசுகள் சாட்சியம் கூறுகின்றன.

அடையாளம் காணும் முறை

களிம்பேறிய காசு ஒன்று கையில் கிடைத்தால், அதை யார் அடித்தது, எங்கே அடித்தது, எப்போது அடித்தது என்பதை எவ்வாறு அறிவது? இதற்கு ஒரு வரிசை முறை உண்டு.

முதலில் எடையும் விட்டமும். மேலே கூறிய வரலாற்றின்படி, இவ்விரு அளவுகளே காசின் காலத்தைச் சில பத்தாண்டுகளுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

அடுத்து, முகப்புப் பக்கத்திலுள்ள மன்னரின் தலை. தலையில் இலைமாலை இருக்கிறதா, கதிர்முடி இருக்கிறதா, முத்துக்கள் கோத்த பட்டம் இருக்கிறதா என்று நோக்கவேண்டும். கதிர்முடி மூன்றாம் நூற்றாண்டில் மிகுதி. முத்துப்பட்டம் 325 ஐ ஒட்டிக் கான்ஸ்டன்டைன் அணியத் தொடங்கியது. ஆகவே பட்டம் அணிந்த தலை அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது.

மூன்றாவது, பின்பக்கத்து உருவம். எழுத்தெல்லாம் தேய்ந்துபோன காசிலும் உருவத்தின் நிழலாவது எஞ்சியிருக்கும். இரண்டு போர்வீரர்கள் ஈட்டி ஏந்தி நிற்க, அவர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிகள் இருந்தால் அது 330 க்கும் 335 க்கும் இடைப்பட்டது. ஒரே கொடி இருந்தால் 335 க்கும் 341 க்கும் இடைப்பட்டது. ‘குளோரியா எக்ஸெர்கிட்டூஸ்’, அதாவது ‘படையின் புகழ்’ என்பது அதன் வாசகம். ஓநாய் ஒன்று இரு குழந்தைகளுக்குப் பாலூட்டும் காட்சி இருந்தால் அது பழைய உரோமாபுரியைப் போற்றுவது. கப்பலின் முகப்பில் சிறகுள்ள வெற்றித் தெய்வம் நின்றால் அது புதிய தலைநகரைப் போற்றுவது. இரண்டும் 330 இல் தொடங்கியவை. குதிரையிலிருந்து சரியும் பகைவனைக் காலாள் ஒருவன் ஈட்டியால் குத்தும் காட்சி, 348 இல் பிறந்த வரிசையைச் சேர்ந்தது. ‘நற்காலம் மீண்டது’ என்று அதில் எழுதியிருக்கும்! காசு சிறுக்கச் சிறுக்க அதன்மேல் எழுதிய பெருமை மட்டும் சிறுக்கவில்லை. கைதி ஒருவனின் தலைமயிரைப் பற்றி மன்னர் இழுத்துச் செல்லும் காட்சி வாலென்டினியன், வாலென்ஸ் என்னும் உடன்பிறந்தார் ஆட்சியில், 364 க்குப் பின் பெருகியது. மாலை ஒன்றின் நடுவே சில எழுத்துக்கள் மட்டும் இருந்தால், மன்னர் நீடூழி ஆளவேண்டும் என்று ஐந்தாண்டுக்கும் பத்தாண்டுக்கும் செய்துகொண்ட நேர்த்தியின் நினைவு அது.

நான்காவது, அக்கசாலையின் குறி. பின்பக்கத்தில் உருவத்தின் காலடியில் ஒரு கோடு இருக்கும். அதன் கீழே மூன்று நான்கு எழுத்துக்கள் மறைந்திருக்கும். ‘எஸ், எம்’ என்னும் இரண்டெழுத்துக்கள் ‘புனித நாணயம்’ என்பதன் சுருக்கம். அதையடுத்து ‘ஏ, என்’ என்று வந்தால் அது அந்தாக்கியாவில் அடித்தது; ‘ஏ, எல்’ என்று வந்தால் மிஸ்ரின் அலெக்சாந்திரியாவில் அடித்தது; ‘என்’ மட்டும் வந்தால் நிக்கோமீடியாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மித் நகரில் அடித்தது. ‘டி, ஆர்’ என்பது ஜெர்மனியிலுள்ள டிரியர். ‘எல், என்’ என்பது இலண்டன். அங்கிருந்த அக்கசாலை 325 இல் மூடப்பட்டது. இவற்றோடு சேர்ந்துவரும் இன்னோர் எழுத்து, அந்த அக்கசாலையில் எந்தப் பட்டறை அந்தக் காசுக்குப் பொறுப்பு என்பதைக் காட்டும். எடை குறைந்தால் எந்தப் பட்டறையைப் பிடிப்பது என்பது அதிகாரிகளுக்குத் தெரியவேண்டுமல்லவா? ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மேற்பார்வையாளரின் வசதிக்காக இட்ட குறி, இன்று நமக்கு முகவரியாகிறது.

ஓரிரு எழுத்தின் விலை

இறுதியாக மன்னரின் பெயர். இங்கேதான் களிம்பைக் கையாளும் பொறுமை சோதிக்கப்படுகிறது.

கான்ஸ்டன்டைன் தம் மக்களுக்கு இட்ட பெயர்களைப் பாருங்கள். ஒருவருக்குத் தம் பெயரையே இட்டார்: கான்ஸ்டாண்டினூஸ். அடுத்தவர் கான்ஸ்டாண்டியூஸ். இளையவர் கான்ஸ்டான்ஸ். இலத்தீன் எழுத்தில் முதல் பெயருக்கும் இரண்டாம் பெயருக்கும் உள்ள வேறுபாடு நடுவே வரும் ஒரே எழுத்து. அது தேய்ந்துபோனால் அண்ணனைத் தம்பியிலிருந்து பிரித்தறிய இயலாது. பெயருக்குப் பின்னே வரும் பட்டமும் அவ்வாறே. 337 செப்டம்பர் 9 ஆம் நாள் அம்மூவரும் பேரரசர்களாக முடிசூடினர். அதற்கு முன் அவர்கள் இளவரசர்கள். காசில் ‘சீர்மிகு சீசர்’ என்பதன் சுருக்கம் இருக்கும். அதற்குப் பின் ‘அகஸ்டஸ்’ என்பதன் முதல் மூன்றெழுத்து இருக்கும்.

ஒரு கற்பனைக் காசை எடுத்துக்கொள்வோம். எடை ஒன்றரைக் கிராம். பின்பக்கத்தில் இரு வீரர், நடுவே ஒரே கொடி. ஆகவே 335 க்கும் 341 க்கும் இடைப்பட்டது. கோட்டின் கீழே அந்தாக்கியாவின் குறி. பெயர் கான்ஸ்டாண்டியூஸ், பட்டம் சீசர். ஆகவே 337 செப்டம்பருக்கு முற்பட்டது. இவ்வாறு, பெயரில்லாத ஒரு பச்சைக் கல், ஈராண்டு எல்லைக்குள் பிறந்த நாளையும், ஷாம் நாட்டெல்லையில் பிறந்த ஊரையும் சொல்லும் சாட்சியாக எழுந்து நிற்கிறது. அந்தப் பட்டத்தின் மூன்றெழுத்துக்களை ஒருவர் இரும்புத் தூரிகையால் தேய்த்து அழித்துவிட்டால்? சாட்சி ஊமையாகிவிடுகிறது.

இத்தகைய சாட்சிகள் பெரும் வழக்குகளையும் தீர்த்திருக்கின்றன. கலிலேயா ஏரிக்கரையில் கப்பர்நகூம் என்னுமிடத்தில் யூதர்களின் பழைய தொழுகைக்கூடம் ஒன்று இருக்கிறது. வெண்கல்லால் எழுந்த அக்கட்டடம் இரண்டாம் அல்லது மூன்றாம் நூற்றாண்டினது என்றே அறிஞர் பலர் கருதிவந்தனர். 1968 முதல் கோர்போ, லோஃப்ரெதா என்னும் இரு அறிஞர்கள் அங்கு அகழ்ந்தபோது, தளக்கற்களின் அடியிலிருந்து ஆயிரக்கணக்கான சிறு வெண்கலக் காசுகள் கிடைத்தன. அவை நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. தளத்தின் அடியில் கிடந்த காசு தளத்திற்கு முற்பட்டது. ஆகவே தளம் அக்காசுக்குப் பிற்பட்டது. நெடுநாள் நிலைத்த ஒரு கருத்தை மறுஆய்வுக்கு உட்படுத்தியவை பொற்காசுகளல்ல. ஒரு ரொட்டிக்குக்கூட ஒன்று போதாத துண்டுக்காசுகள்.

தூய்மை என்னும் பெயரால்

நம் இல்லங்களில் பித்தளைச் செம்பும் தாம்பாளமும் கறுத்துப்போனால் புளியிட்டுத் தேய்க்கிறோம். எலுமிச்சம்பழத் தோலும் சாம்பலும் கொண்டு துலக்குகிறோம். பாத்திரம் பளபளவென்று மின்னுகிறது. இதே வழக்கத்தைப் பழங்காசின்மேல் காட்டுவோர் உளர். இது பெருந்தவறு. ஏன் என்பதைச் சற்று விளக்குவோம்.

மண்ணில் கிடக்கும் செப்புக் கலவை மெல்லமெல்ல மாறுகிறது. உலோகத்தை ஒட்டிச் செந்நிறப் படலம் ஒன்று உண்டாகிறது. அதன்மேல் பச்சை நிறமும், சிற்சில இடங்களில் நீல நிறமும் படிகின்றன. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, அக்கசாலையில் அச்சு பதிந்த அந்த மேற்பரப்பு உலோகமாக இருப்பதில்லை. அதுவே களிம்புப் படலமாக மாறிவிடுகிறது. அதாவது, மன்னரின் மூக்கும், முத்துப்பட்டத்தின் முத்தும், எழுத்தின் விளிம்பும் இருப்பது களிம்பில்தான். புளியிலும் எலுமிச்சையிலும் காடியிலும் உள்ள அமிலம் அந்தக் களிம்பைக் கரைத்துவிடும். எஞ்சுவது குண்டும் குழியுமான செந்நிற உலோகம். அழுக்கு போயிற்று என்று நாம் மகிழ்வோம். உண்மையில் போனது காசு. டயோகிளீஷியன் காலத்து மெல்லிய வெள்ளிப் பூச்சு எஞ்சியிருந்தால் அதுவும் அதோடு போய்விடும்.

மின்சாரம் பாய்ச்சித் துலக்குவதும், கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் இதனினும் கொடியவை. ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைப்பது மேல்நாட்டுச் சேகரிப்பாளர்களிடையே நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். எண்ணெயிலுள்ள மென்மையான அமிலமும் செம்பை அரிக்கவே செய்யும். எண்ணெய் நுண்துளைகளில் புகுந்து பின்னர் வெளியேற மறுக்கும். எனவே இன்றைய அருங்காட்சியக வல்லுநர்கள் அதையும் ஏற்பதில்லை.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? மிகக் குறைவாகச் செய்வதே முதல் விதி. காய்ச்சி வடித்த தூய நீரில் காசை ஊறவைக்கவேண்டும். குழாய் நீர் ஆகாது. அதிலுள்ள உப்பும் குளோரினும் கேடு விளைவிக்கும். நீரை நாள்தோறுமோ சில நாட்களுக்கொரு முறையோ மாற்றவேண்டும். மண் இளகும்போது மென்மையான தூரிகையால் மெல்ல நீவவேண்டும். பின்னர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து, மூங்கில் சிராய் அல்லது மரக்குச்சியின் நுனியால் மண்ணை மட்டும் துகள் துகளாக அகற்றவேண்டும். மண்ணும் களிம்பும் சந்திக்கும் எல்லையைக் கண்டதும் கை நின்றுவிடவேண்டும். ஒரு காசுக்கு ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். ‘இன்னும் சற்றுத் தேய்த்தால் இன்னும் சற்றுத் தெளியும்’ என்று உள்ளம் தூண்டும் நொடியில்தான் பெரும்பாலான காசுகள் பாழாகின்றன. பெயரும் அக்கசாலையும் படிக்கக் கிடைத்தபின் அதற்கு மேல் அழகைத் தேடுவது பேராசை.

கழுவிய காசை நன்றாக உலர்த்தி, நுண்மெழுகின் மெல்லிய பூச்சிட்டு, தாளுறையிலிட்டு எடையும் அளவும் கிடைத்த இடமும் குறித்துவைப்பது முறை.

வெண்கல நோய்

மனிதரைப் போலவே காசுக்கும் நோயுண்டு. நன்றாக இருந்த காசின்மேல் ஒருநாள் வெளிறிய பச்சைப் பொடி சிறுபுள்ளிகளாகத் தோன்றும். விரல்பட்டால் உதிரும். துடைத்தாலும் மீண்டும் தோன்றும். இதனை ‘வெண்கல நோய்’ என்பர்.

மண்ணிலும் கடல்நீரிலும் உள்ள உப்பு, செம்போடு சேர்ந்து குளோரைடாகக் களிம்பின் அடியில் தங்கிவிடுகிறது. காற்றும் ஈரமும் அதைத் தீண்டும்போது அது பச்சைப் பொடியாக மாறி அமிலத்தையும் வெளிவிடுகிறது. அந்த அமிலம் அடுத்திருக்கும் செம்பைத் தாக்கி மீண்டும் குளோரைடை உண்டாக்குகிறது. இவ்வாறு சுழன்று சுழன்று காசையே தின்றுவிடும். மழமழப்பான, கெட்டியான பச்சை காசின் காப்பு. பொடிப்பொடியாக உதிரும் வெளிறிய பச்சை அதன் நோய். இவ்வேறுபாட்டை அறியாமல் இரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் பலர்.

இந்நோய்க்கு மூலமருந்து வறட்சியே. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 42 க்கும் கீழே இருந்தால் நோய் உறங்கும். நம் கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரப்பதம் அதனினும் மிக உயர்ந்தது என்பதை நாம் அறிவோம். ஆகவே காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ நாகூரிலோ ஒரு வீட்டுப் பேழையில் பழஞ்செப்புக்காசு இருந்தால், அதைச் சிலிக்கா மணிகளோடு இறுக மூடிய டப்பாவில் வைப்பது நலம். நோயுற்ற காசைப் பிற காசுகளிலிருந்து பிரித்துவைக்கவேண்டும். சோடியம் செஸ்குவிகார்பனேட் என்னும் உப்பின் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் குளோரைடை வெளியேற்றுவதும், பென்சோடிரையசோல் என்னும் வேதிப்பொருளால் உலோகத்தைக் காப்பதும் வல்லுநர் கையாளும் முறைகள். பின்னது உடலுக்குத் தீங்கானது. வீட்டில் செய்து பார்க்கத் தக்கதன்று.

ஃபாலிஸ் ஃபல்ஸ் ஆன வரலாறு

வளைகுடா நாடுகளில் பொருளீட்டித் திரும்பியோர் நாவில் ‘ஃபுலூஸ்’ என்னும் சொல் புழங்குவதைக் கேட்டிருக்கிறோம். பணம் என்பது அதன் பொருள். ‘ஃபல்ஸ்’ என்பதன் பன்மை அது. அந்த ஃபல்ஸ் எங்கிருந்து வந்தது? நாம் இதுகாறும் பேசிவந்த உரோம வெண்கலக் காசிலிருந்துதான்.

இலத்தீனில் ‘ஃபாலிஸ்’ என்றால் பை. காசு நிறைந்த பையைக் குறித்த சொல் நாளடைவில் காசையே குறித்தது. 498 இல் பேரரசர் அனஸ்தாசியஸ், சில்லறையின் தொல்லை தாளாமல், 40 சிறுகாசுக்கு ஈடான பெரிய செப்புக்காசை வெளியிட்டார். 40 என்னும் எண்ணைக் குறிக்கும் ‘எம்’ என்ற கிரேக்க எழுத்து அதன் பின்பக்கத்தில் பெரிதாக நின்றது. அதுவே பிஸாந்தியரின் ஃபாலிஸ்.

ஏழாம் நூற்றாண்டில் ஷாம் தேசம் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தபோது சந்தைகளில் இக்காசே புழங்கியது. புதிய ஆட்சியாளர்கள் ஒரே நாளில் அதை ஒழித்துவிடவில்லை. பழைய உருவத்தையே வைத்துச் சில சொற்களை மட்டும் சேர்த்தனர். ஹிம்ஸ் நகரில் அடித்த ஒரு வகைக் காசில் பிஸாந்திய மன்னரின் உருவம் இருக்கிறது. அதனருகே ‘நல்லது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும், மறுபக்கத்தில் அதே பொருள் தரும் ‘தய்யிப்’ என்னும் அரபுச் சொல்லும் இருக்கின்றன. இரு மொழியாரும் ஒரே சந்தையில் ஒருவரை ஒருவர் நம்பி வாழ்ந்த காலத்தின் சாட்சி அது.

பின்னர் கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் காலத்தில், வாளணிந்து நிற்கும் கலீஃபாவின் உருவம் சிறிது காலம் காசில் இடம்பெற்றது. ஹிஜ்ரி 77 இல், அதாவது கி.பி. 696-97 இல், உருவமே இல்லாத, எழுத்து மட்டும் பொறித்த தீனார் வெளிவந்தது. இரண்டாண்டில் திர்ஹமும் அவ்வாறே ஆயிற்று. செப்புக் காசின் ஒரு பக்கத்தில் ஏகத்துவமும், மறுபக்கத்தில் அண்ணலாரின் தூதுத்துவமும் கூஃபி எழுத்தில் பொறிக்கப்பட்டன. புள்ளியில்லாத அந்தக் கூஃபி எழுத்துக்கள் நூலிழை போல் மெல்லியவை. ஊரும் ஆண்டும் பொறித்த காசுகளில் அவை விளிம்பையொட்டிச் சுற்றிவரும். இரண்டு நொடி அமிலத்தில் இட்டால் மிஞ்சுவது வெறும் தகடு.

செப்புக்காசை நம் முன்னோர் இழிவாகக் கருதி எழுதாமல் விட்டுவிடவில்லை. பலாதுரீ தம் ‘ஃபுதூஹுல் புல்தான்’ என்னும் நூலின் இறுதிப் பகுதியில் நாணயத்தைப் பற்றித் தனியே பேசுகிறார். மிஸ்ரு நாட்டு வரலாற்றாசிரியர் மக்ரீஸீ, 1405 இல் தம் நாட்டுப் பஞ்சத்தைப் பற்றி எழுதியபோது, செப்பு ஃபுலூஸ் அளவின்றிப் பெருகியதை விலைவாசி ஏற்றத்தின் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டினார். டயோகிளீஷியன் கண்ட அதே நோயை வேறொரு நூற்றாண்டில் கண்டு, அதற்குக் காரணம் எழுதிவைத்தவர் அவர்.

நம் கரைக்கு வந்த காசுகள்

இப்பிற்கால உரோமச் சிறுகாசுகள் கடல்கடந்து நம் பக்கமும் வந்தன. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும் மதுரையிலும் அவை கிடைத்திருக்கின்றன. சங்ககாலக் காசுகளை ஆய்ந்தறிந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, தென்னிந்தியாவில் கிடைத்த இச்செப்புக்காசுகளைப் பற்றி 1994 இல் தனி நூலே எழுதினார். இலங்கையில் அவை ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அங்கு அவற்றைப் பார்த்து உள்நாட்டிலேயே அடித்த போலிக் காசுகளும் உண்டு.

பொன்னும் வெள்ளியும் வந்தது மிளகுக்கும் முத்துக்கும் விலையாக. இத்துண்டுக்காசோ நம் மண்ணிலேயே சில்லறையாகப் புழங்கித் தேய்ந்தது. அந்தாக்கியாவின் பட்டறைக் குறியோ அலெக்சாந்திரியாவின் குறியோ அக்காசுகளில் படிக்கக் கிடைத்தால், செங்கடல் வழி வந்த வணிகத்தின் ஒரு கண்ணி நமக்குக் கிடைக்கிறது. அக்குறியைப் புளியிட்டுத் தேய்த்துவிட்டால் கடலின் நடுவே வழி அறுந்துபோகிறது.

இடத்தை இழந்த காசு

காசின் எழுத்தைக் காத்தால் மட்டும் போதாது. அது கிடைத்த இடத்தையும் காக்கவேண்டும். 2010 ஏப்ரலில் இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில், உலோகங்காட்டும் கருவியோடு வயலில் தேடிய ஒருவர் பெரிய பானை ஒன்றின் வாயைக் கண்டார். மேலே சில காசுகளைக் கண்டதும் தோண்டுவதை நிறுத்தி, அகழாய்வாளரை அழைத்தார். அவர்கள் பானையை அடுக்கடுக்காகப் பிரித்தெடுத்தனர். கிடைத்தவை 52,503 காசுகள். எடை சுமார் 160 கிலோ. அவற்றுள் காலத்தால் பிந்திய கரோசியஸ் மன்னனின் காசுகளுள் பெரும்பாலானவை பானையின் மேற்புறத்தில் இல்லாமல் கீழ்ப்பாதியில் இருந்தன. ஆண்டுதோறும் சிறுகச் சிறுகச் சேர்த்த பானையன்று, ஒரே முறையில் நிரப்பிய பானை அது என்பது அதனால் தெரியவந்தது. அவர் ஆசைப்பட்டுத் தோண்டி ஒரு சாக்கில் கொட்டியிருந்தால், காசு ஒன்றுகூடக் குறைந்திராது. வரலாறு மட்டும் குறைந்திருக்கும்.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. கழுவாத காசுகளை மூட்டையாகக் கட்டி எடைக்கு விற்கும் வணிகம் மேல்நாடுகளில் நடைபெற்று வருகிறது. எந்த ஊர் வயலிலிருந்து, எந்தப் பாழடைந்த கோட்டையிலிருந்து, எந்தக் கல்லறையிலிருந்து எடுத்தவை என்று கேட்பாரில்லை. 2011 இல் ஷாம் நாட்டில் போர் மூண்டபின் அங்குள்ள தொல்லிடங்கள் பல குழி குழியாகத் தோண்டப்பட்டன. அந்நாட்டிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் கடத்தப்படும் தொல்பொருள் வணிகத்தை 2015 பிப்ரவரியில் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை தன் 2199 ஆம் தீர்மானத்தால் தடைசெய்தது. ஹிம்ஸின் ‘தய்யிப்’ காசு யாரோ ஒருவருடைய மேசைமேல் அழகுப் பொருளாகக் கிடக்க, அது பிறந்த மண்ணின் வரலாறு ஏழையாகிறது என்றால், அந்த வாணிகம் தய்யிபானது ஆகுமா?

நம் நாட்டுச் சட்டமும் தெளிவானது. 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும். 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த காசு தொல்பொருளாகும். அதைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லல் ஆகாது.

நம் குடும்பங்கள் பல, கடல்வழி வணிகம் செய்த முன்னோரின் வழிவந்தவை. பாட்டனார் விட்டுச்சென்ற பேழையின் அடியிலோ, கிணறு தோண்டிய மண்ணிலோ பச்சையேறிய சிறுவட்டம் ஒன்று கிடைத்தால், குழந்தைகள் அதைத் தேய்க்க ஓடுவார்கள். அவர்களின் கையைப் பற்றி நிறுத்துங்கள். எங்கே, எந்த ஆழத்தில், எதனோடு கிடைத்தது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு எடைபோடச் சொல்லுங்கள். சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் நாணயங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, அங்குள்ளோரைக் கேட்டறியலாம்.

விலைக்கு விற்றால் அது ஒருவேளை தேநீர்ச் செலவுக்கும் காணாது. ஆனால் அதில் எஞ்சியிருக்கும் மூன்றெழுத்து, பேரரசன் ஒருவனும் பெயரறியா ஏழை ஒருவனும் ஒரே நாளில் தொட்ட பொருள் எது என்பதைச் சொல்லும். அந்த அமானிதத்தைத் தேய்த்து அழிக்கும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை.